பனங்கட்டிப் பாகும் கல்லுப்பும்: எதற்கு மேலே விட்டால் எடுபடுகிறது?

கொஞ்ச நாளாக எங்கள் வீட்டு அடுப்பில் நடக்கும் வேலை இதுதான். பனங்கட்டி, தேங்காய்ப்பால், பட்டர், உப்பு சேர்த்து ஒரு பாகு காய்ச்சி, அதை எந்தெந்த இனிப்புக்கு மேலே விட்டால் எடுபடும் என்று பார்க்கிறேன்.

சீனியை விட்டுப் பனங்கட்டிக்குப் போனதற்குக் காரணம் அதன் கசப்பு. நல்ல பனங்கட்டியில் லேசான கசப்பும் புகை மணமும் இருக்கும். உப்பு நாக்கில் கசப்பை அடக்கும். கசப்பு அடங்கினால் இனிப்பு தானாக முன்னுக்கு வரும். பிரான்சின் கிபெரோன் ஊரில் ஆன்றி லெ ரூ 1977இல் உப்புப் பட்டர் போட்டுச் செய்து பேர் வாங்கிய கரமலிலும் நடப்பது இதுதான். அங்கே சீனியைச் சிவக்க விட்டுத்தான் கசப்பை வரவழைக்க வேண்டும். எங்களுக்கு அது பனங்கட்டி வரும் ஓலைக் குட்டானுக்குள்ளேயே இருக்கிறது.

வெள்ளவத்தையில் வாங்கிய பனங்கட்டி 200 கிராம் எடுத்தேன். அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிக்க வேண்டும், அடியில் மண் நிற்கும். வடித்ததைத் தாச்சியில் விட்டு மெல்லிய நெருப்பில் வற்ற வைத்தேன். முதலில் பெரிய பெரிய குமிழியாக நுரை எழும்பும். தண்ணீர் வற்ற வற்றக் குமிழி சிறுத்து, மினுக்கம் வந்து, கொதிக்கிற சத்தமே கனத்துவிடும். அப்போது ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் கரையாமல் விரலுக்குள் மெதுவாக உருளும். அந்தப் பதத்தில் நெருப்பை நன்றாகக் குறைத்து, முக்கால் கோப்பை முதற்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அதன் பிறகு தளதளவென்று கொதிக்க விட்டால் எண்ணெய் பிரிந்து மிதக்கும். பிரிந்தாலும் ஒரு கரண்டி சுடுதண்ணீர் விட்டு வேகமாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி பட்டர். உப்புப் பட்டர் என்றால் பாகுக்குள் ஒரு சிட்டிகை உப்பு போதும்.

மீதி உப்பு மேலேதான் போக வேண்டும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்த ஒன்றுதான். உப்பு முழுவதையும் பாகுக்குள் கரைத்துவிட்டால் எல்லா இடத்திலும் ஒரே சுவை, இரண்டாவது கரண்டியிலேயே நாக்குப் பழகிவிடும். ஆனையிறவுக் கல்லுப்பை அம்மியில் ஒரு தட்டுத் தட்டி, அந்த நொறுங்கலைப் பரிமாறும்போது தூவினால் ஒரு வாய்க்கு உப்பு, அடுத்த வாய்க்கு இனிப்பு என்று மாறி மாறி வரும். முன்கூட்டியே தூவி வைக்கக்கூடாது. ஈரம் பட்டதும் உப்புக் கரைந்துவிடும்.

இதுவரை விட்டுப் பார்த்ததில் எருமைத் தயிருக்கு நிகர் வேறில்லை. தயிருக்குக் கித்துள் பாணி விட்டுச் சாப்பிட்ட நாக்குக்கு இது புதிதே இல்லை. ஆனால் பாணி தயிருக்குள் ஓடிக் கலந்துவிடும், இந்தப் பாகு குளிரில் இறுகி மேலேயே நிற்கும். தயிரின் புளிப்பு, பாகின் கொழுப்பு, நடுவில் கடிபடும் ஒரு உப்புத் துணுக்கு. முதலில் "தயிருக்கு இதெல்லாம் எதுக்குப் பிள்ளை?" என்று கேட்ட மாமி, கிண்ணம் முடிவதற்குள் "இன்னும் கொஞ்சம் விடு" என்றார்.

பட்டரில் வாட்டிய கதலிப் பழத்துக்கும் அருமையாகப் பொருந்தியது. வனிலா ஐஸ்கிரீமுக்கு அவ்வளவு இல்லை. கடை ஐஸ்கிரீமே போதிய இனிப்பு, அதன் மேல் பாகும் சேர்ந்தால் திகட்டுகிறது. பிஸ்கட் புடிங்கில் ஐசிங் சீனியைப் பாதியாகக் குறைத்து, மாரி பிஸ்கட் அடுக்குகளுக்கு நடுவே இந்தப் பாகை மெல்லியதாகத் தடவினேன். இனிமேல் எங்கள் வீட்டில் புடிங் இப்படித்தான். கீழே இருப்பதன் இனிப்பைக் குறைத்தால்தான் மேலே விடுவதற்கு வேலை இருக்கும்.

வட்டிலப்பத்துக்குப் பாகே தேவையில்லை. அது ஏற்கெனவே சக்கரையும் தேங்காய்ப்பாலும்தானே. அதற்கு வேண்டியது மொறுமொறுப்பு. அதனால் உப்புக் கச்சானை ஒன்றிரண்டாக இடித்து, வறுத்த எள்ளோடு சிவந்த சீனிப் பாகில் புரட்டி, தட்டில் பரப்பி ஆறியதும் நொறுக்கினேன். வட்டிலப்பத் துண்டின் மேல் ஒரு கரண்டி இதைத் தூவினால் பல்லுக்கும் வேலை கிடைக்கிறது. கொழும்பு ஈரக் காற்றில் திறந்து வைத்தால் இது சீக்கிரமே பிசுபிசுத்துவிடும். ஆறின கையோடு இறுக்கமான போத்தலில் போட்டு மூட வேண்டும்.

அடுத்தது அன்னாசி. காலிமுகத்திடலில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு விற்கிறார்களே, அதே பழத்தைத் தாச்சியில் வாட்டி, இந்தக் கச்சான் நொறுங்கலில் கொஞ்சம் மிளகாய்த்தூளும் சேர்த்துத் தூவிப் பார்க்கப் போகிறேன். பழம் மட்டும் நன்றாகப் பழுத்திருக்கக் கூடாது, புளிப்பு நிற்க வேண்டும்.