அம்மையை வெளிய அனுப்பிட்டு கேட்ட கேள்வி

நாகர்கோவில் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில பச்சப்பிள்ளைகள் வார்டுல பதினாலு வருசமா நர்ஸா இருக்கேன். கேஸ் ஷீட்ல தாயோட 'பழக்கங்கள்'னு ஒரு கட்டம் உண்டு, பீடி, குடி, போதை எல்லாம் அதுல வரும், நம்ம ஊர் பிள்ளைககிட்ட போய் அத எப்படி கேக்கன்னு ரொம்ப நாள் நானே கேக்காம 'இல்ல'ன்னு எழுதிட்டு போயிருக்கேன்.

போன ஆடியில ஒரு பிள்ளைக்கு 36 வாரத்துலயே பிரசவம் ஆயிட்டு. மாப்பிள்ளைக்கு கனடாவுல வேலை, ஏழு மாசம் முடிஞ்ச கையோட பேறுகாலத்துக்கு கருங்கல் பக்கம் அம்மை வீட்டுக்கு வந்தவ. குழந்தை தராசுல 1 கிலோ 950. ரெண்டரை கிலோவுக்கு கீழ இருந்தாலே எடை குறைவுதான். குதிங்கால்ல குத்தி சுகர் பாத்தோம், சரியா இருந்துச்சு. ஆனா துணிய விலக்கினா போதும், ரெண்டு கையும் வெடவெடன்னு நடுங்கும், நாம அந்த கைய மெதுவா பிடிச்சா நின்னுரும், விட்டா திரும்பவும். மார்ல போட்டா ரெண்டு இழு இழுத்துட்டு அப்படியே கண்ண மூடிரும்.

அவ அம்மை கட்டிலவிட்டு நகரவே இல்ல. என்ன கேட்டாலும் அவங்கதான் பதில் சொல்லுவாங்க. நான் ஃபிளாஸ்க்க குடுத்து "கொஞ்சம் சுடுவெள்ளம் வாங்கிட்டு வாங்கம்மா"ன்னு அனுப்பிட்டு பக்கத்துல உக்காந்தேன். "மக்களே, அங்க வாந்திக்கோ தூக்கத்துக்கோ ஏதாவது எடுத்தியா? பிள்ளைய பாக்கறதுக்காக்கும் கேக்கேன், டாக்டரத் தவிர யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

கொஞ்ச நேரம் பிள்ளையவே பாத்துட்டு இருந்தா. அப்புறம், "அக்கா, ஜெல்லி மிட்டாய்... கஞ்சா சேத்தது. மூணாம் மாசம் தண்ணி கூட தங்கல, அங்க கடையிலயே விக்காங்க, செடிதானே, ஒண்ணும் செய்யாதுன்னு கூட வேலை பாக்கறவ சொன்னா. ஃபிளைட் ஏறுற வரைக்கும் எடுத்தேன்"னு சொல்லி அழ ஆரம்பிச்சுட்டா.

கனடாவுல 2018 அக்டோபர்ல இருந்து கஞ்சா சட்டப்படி கிடைக்குது, அது உண்மைதான். ஆனா பெரியவங்க வாங்கலாம்னு சட்டம் சொன்னா வயித்துப் பிள்ளைக்கு ஆகும்னு அர்த்தம் இல்லையே. கஞ்சாவுல போதை குடுக்கற டிஎச்சி (THC) கொழுப்புல கரையுற சாமான், நஞ்சுக்கொடி தாண்டி குழந்தைக்கு போகும், தாயோட உடம்பு கொழுப்புல தங்கி பால்லயும் கொஞ்சம் கொஞ்சமா வரும். 2018ல வந்த ஒரு ஆய்வுல கஞ்சா எடுத்த தாய்மாரோட 54 பால் சாம்பிள்ல 34ல அது இருந்துச்சு, கடைசியா எடுத்து ஆறு நாள் ஆன பிறகும். 2021ல வந்த இன்னொண்ணுல நிறுத்தி ஆறு வாரம் வரைக்கும் பால்ல அது இருந்தத பாத்திருக்காங்க. அதனால ரெண்டு நேரம் பால பீச்சி களஞ்சா சரியாயிரும்னு சொல்றது இதுக்கு செல்லாது. வீட்டுல புருசன் இழுக்கற புகையும் பிள்ளைக்கு ஆகாது, அதையும் சொல்லிர்றேன்.

டாக்டர் அவகிட்ட நிதானமா பேசினாங்க. எடை குறைவுக்கும் குறைமாசத்துக்கும் கஞ்சாவுக்கும் தொடர்பு இருக்குன்னு நிறைய ஆய்வு சொல்லுது, ஆனா உன் பிள்ளைக்கு அதனாலதான்னு அடிச்சு சொல்ல முடியாது, நீ வாந்தியில சாப்பிடாம கிடந்ததும் இருக்குன்னாங்க. விட்டு ஒரு மாசம் ஆயிட்டு, இனி தொடக்கூடாது, பால்ல கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் தாய்ப்பால் குடு, இந்த எடைக்கு அதவிட பெரிய மருந்து இல்லன்னும் சொன்னாங்க. பிள்ளைய நெஞ்சோட சேத்துக் கட்டி கங்காரு மாதிரி வச்சோம், பால பீச்சி பாலாடையில குடுத்தோம். நாலு நாள்ல நடுக்கம் குறைஞ்சுது.

இத எழுதறதுக்கு காரணம் வேற ஒருத்தி. பல வருசம் முன்னால இதே மாதிரி ஒரு பிள்ளை, உள்ளூர்தான், வாய்தவறி உண்மைய சொன்னப்போ நான் "நீயெல்லாம் ஒரு தாயா"ன்னு மத்தவங்க முன்னால கத்திட்டேன். இங்க கஞ்சா 1985 போதைப்பொருள் சட்டப்படி குற்றம், போலீசுக்கு போயிருவாங்கன்னு வேற அவளுக்கு பயம். அடுத்த நாள் எழுதிக்குடுத்துட்டு பிள்ளையத் தூக்கிட்டு போனா, தடுப்பூசிக்கு கூட திரும்பி வரல. அந்த பிள்ளை என்னாச்சுன்னு இன்னிக்கும் நினைப்பேன். என் கோவம் அந்த குழந்தைக்கு எந்த விதத்துல உதவிச்சு?

கருங்கல்காரி ஜனவரியில போன் பண்ணினா. பிள்ளை ஆறரை கிலோ, கவுந்து விழுந்து சிரிக்குதாம், ஆறு மாசம் ஆகப்போவுது, மட்டிப்பழம் மசிச்சுக் குடுக்கலாமாக்கான்னு கேட்டா. ஆறு முடியட்டும், அப்புறம் கொஞ்சமா குடுன்னேன். பின்னால அவ அம்மை "யாருட்டி போன்ல"ன்னு கேக்கற சத்தம் வந்துச்சு. "ஆஸ்பத்திரி அக்காவாக்கும்"னா.