ஆங்கில சேரின் சொற்கொப்பி

எங்கள் காலத்து விடுதிப் பிள்ளைகளுக்கு ஆங்கில சேர் என்றால் ஒருவர்தான். நாளுக்கு ஒரு புதுச்சொல் தருவார். கரும்பலகையின் வலப்பக்க மூலையில் வெண்கட்டியால் எழுதி, அசை அசையாகக் கோடு போட்டுப் பிரிப்பார். அப்புறம் அதன் பூர்வீகம் சொல்வார். எனக்கு ஆங்கிலத்தில் பிடிப்பு வந்தது அந்த மூலையால்தான்.

ஒரு வருடம் விடுதி இராப்போசனத்துக்கு மறுநாள் முதற்பாடம் அவருடையது. இரவு புரியாணியும் ஆட்டிறைச்சியும் ஐஸ்கிரீமும் சோடாவுமாக ஒரு பிடி பிடித்திருந்தோம். காலையில் பாதிப்பேர் மேசையில் கவிழ்ந்து கிடந்தோம். சேர் ஏசவில்லை. மூலையில் ‘கிரப்புலன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். மிதமிஞ்சித் தின்று குடித்து, அதனால் உடம்பு படும் பாடு. கிரேக்கத்தில் ‘கிரைப்பலே’ என்றால் குடித்தவனுக்கு மறுநாள் வரும் தலையிடி. அது இலத்தீனில் ‘கிராபுலா’ ஆகி ஆங்கிலத்துக்கு வந்ததாம். ஆங்கிலேயரே அதை அதிகம் பாவிப்பதில்லை என்றார். பிறகு ஒருவனைக் குசினிக்கு அனுப்பி, மல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணி எடுப்பித்தார். எல்லோரும் சுடச்சுடக் குடித்து முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திறந்தார்.

அன்று 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜோன்சனைப் பற்றியும் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தால் நெற்றி நரம்பு புடைக்க, வியர்வை வடியச் சாப்பிடுவாராம் அந்த மனிதர். அப்படிப்பட்டவர் பல வருடங்கள் வைனைத் தொடவே இல்லை. அளவாகக் குடிப்பதைவிட அடியோடு விடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. ஆனால் தேநீர் மட்டும் கோப்பை கோப்பையாக உள்ளே போகும். சேர் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் மாதிரிச் சொல்வார். லண்டனை அவர் கண்டதே இல்லை.

இங்கே லண்டனுக்கு வந்த பிறகு, ஃபிளீற் வீதிக்குப் பின்னால் கோஃப் சதுக்கத்தில் உள்ள 17ஆம் இலக்க வீட்டைப் போய்ப் பார்த்தேன். ஜோன்சனும் ஆறு உதவியாளர்களும் அகராதி வேலை செய்தது அதன் மேல்மாடியில். ஏறி நின்றபோது, இந்தப் படிகளில் சேரைக் கைபிடித்துக் கூட்டி வர முடியாமல் போய்விட்டதே என்று மனம் வெதும்பியது. அந்த அறையைப் பார்க்க என்னைவிட அவருக்குத்தான் உரிமை.

அவர் தந்த சொற்களை எழுதிவைத்த என் கொப்பி இடம்பெயர்வில் போய்விட்டது. உங்களில் யாரிடமாவது ஒன்று மிஞ்சியிருந்தால், கிழிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, பிரதி எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். அடுத்த மலரில் சேரின் பெயரோடு அந்தச் சொற்களை அச்சிடுவோம். தட்டச்சு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.