சளி பிடித்தால் தெளிவாகப் பேசுவேன்

எனக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்தால் பேச்சு தெளிவாக வரும். முப்பது வயது வரை இதை ஒரு வேடிக்கையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்ற நாட்களில் போனில் நான் "பத்து" என்றால் எதிர்முனையில் "மத்து" என்று போய்ச் சேரும். "பாட்டு" என்றால் "மாட்டா?" என்பார்கள். மூக்கால் பேசுகிறவன் என்று பள்ளியிலேயே பெயர்.

பழி மட்டும் எப்போதும் நாக்கின் மேல்தான். இத்தனைக்கும் ழகரம் எனக்குத் தகராறே செய்ததில்லை. அப்படியும் யார் யாரோ யோசனை சொன்னார்கள்: பலூன் ஊது, ஸ்ட்ராவால் தண்ணீரில் குமிழி விடு. வருடக்கணக்கில் ஊதினேன். பலூன் பெரிதானதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் போனேன். அவர் பலூனைப் பற்றிப் பேசவே இல்லை. "பாட்டி கதவைத் தட்டு" என்று சொல்லச் சொன்னார். அடுத்து மூக்கை விரலால் பொத்திக்கொண்டு அதையே சொல்லச் சொன்னார். குரல் சட்டென்று மாறியது, எனக்கே கேட்டது. "இந்த வாக்கியத்தில் மூக்குக்கு ஒரு வேலையும் இல்லை. பொத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி கேட்கணும்," என்றார். பிறகு மூக்கடியில் ஒரு சின்னக் கண்ணாடியை நீட்டி "ப ப ப" என்று சொல்ல வைத்தார். கண்ணாடியில் ஆவி படிந்தது. உதடு வழியாக வெடிக்க வேண்டிய காற்று மூக்கு வழியாகக் கசிந்துகொண்டிருந்தது.

விஷயம் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். கசடதபற, ஙஞணநமன. இந்த இரண்டு வரிசையையும் ஜோடி ஜோடியாகச் சொல்லிப் பாருங்கள். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது. 'க'வுக்கும் 'ங'வுக்கும் பின்நாக்கு ஒரே இடத்தில்தான் படுகிறது. வித்தியாசம் அதற்கும் பின்னால், ஒரு கதவில் இருக்கிறது. நாக்கு நுனியால் மேலண்ணத்தைத் தடவிக்கொண்டே பின்னால் போனால், கெட்டியான எலும்பு முடிந்து ஓரிடத்தில் மெத்தென்று ஆகும். அதுதான் மெல்லண்ணம். அதன் நுனியில் தொங்குவது உள்நாக்கு. வல்லினம் சொல்லும்போது மெல்லண்ணம் மேலும் பின்னுமாக எழும்பித் தொண்டையின் பின்சுவரில் போய் ஒட்ட வேண்டும்; பக்கச்சுவர்களும் உள்ளே நெருங்கி வரும். மூக்குக்குப் போகும் வழி அடைபட்டால்தான் வாய்க்குள் காற்றழுத்தம் சேரும். மெல்லினத்துக்கு அது தாழ்ந்து வழிவிடும். எனக்குக் கதவு சரியாகச் சாத்தவில்லை. அதனால் என் வல்லினமெல்லாம் மெல்லினத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. சளி பிடித்த நாளில் மூக்கே அடைத்துக்கொண்டு அந்தக் கதவின் வேலையைச் செய்திருக்கிறது!

டார்ச் அடித்துப் பார்த்தவர், "உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கே, யாரும் சொல்லலையா?" என்றார். சொல்லவில்லை. மெல்லண்ணத்தின் நடுவில் நீலம் பாய்ந்த ஒரு கோடு, முன்னால் எலும்புள்ள வல்லண்ணத்தின் பின்விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு பள்ளம். மூன்றும் சேர்ந்தால் அது மேல்தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் அண்ணப்பிளவின் அடையாளம். 1954-லேயே கால்னன் என்ற மருத்துவர் எழுதி வைத்ததாம். ஆறு வயதில் எனக்கு அடினாய்டை, அதாவது மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேல்பகுதியில் இருக்கும் சதையை, எடுத்தார்கள். அதற்கப்புறம்தான் குரல் மாறியது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார், யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அடினாய்டு இருப்பது கதவு போய் மோதும் அதே பின்சுவரில். குட்டையான என் அண்ணம் அதன் மேல் சாய்ந்துதான் காலம் ஓட்டியிருக்கிறது. எடுப்பதற்கு முன் யாராவது ஒரு நிமிடம் வாய்க்குள் எட்டிப் பார்த்திருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

உறுதி செய்ய எண்டோஸ்கோப்பி. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துவிட்டு, ஸ்பகெட்டி கனத்தில் ஒரு குழாயை உள்ளே விட்டார்கள். கண்ணில் நீர் வந்தது. வலி என்று சொல்ல முடியாது. திரையில் இளஞ்சிவப்பாக, ஈரமாக, என் கதவை மேலிருந்து பார்த்தேன். "எச்சில் விழுங்குங்க." இறுக்கமாகச் சாத்தியது. "இப்ப ஸ்ஸ்ஸ்னு சொல்லுங்க." எழும்பியது, நடுவில் ஒரு இடைவெளி நின்றது, அந்த ஓட்டையில் எச்சில் நுரைத்துக் குமிழி வெடித்தது. விழுங்குவதற்கு மூடுகிற விதம் வேறு, பேச்சுக்கு மூடுகிற விதம் வேறு என்று விளக்கினார்கள். ஊதுவதும் வேறுதான். என் பலூன்கள் அத்தனையும் நினைவுக்கு வந்தன.

அறுவை சிகிச்சை ஃபர்லோ முறையில் நடந்தது, ஃபர்லோ என்ற அறுவை மருத்துவர் 1986-இல் வெளியிட்டது. அண்ணத்தைத் தூக்கும் தசை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் ஊஞ்சல் கயிறு மாதிரி சேர வேண்டும். எனக்கு அது சேராமல் முன்பக்கமாக ஓடி எலும்பின் விளிம்பில் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து, குறுக்கே திருப்பி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்தார்கள். அண்ணம் கொஞ்சம் நீளவும் செய்யும். அப்புறம் சில வாரம் கூழும் கஞ்சியுமாக ஓடியது, ராத்திரியில் குறட்டை. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பெரிய வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. காற்று கசிகிறதே என்று நான் சின்ன வயதிலேயே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தேன்: 'க'வை வாயில் சொல்லாமல், இன்னும் கீழே குரல்வளையிலேயே காற்றை வெட்டிச் சொல்வது. இருமுவதற்கு முன் தொண்டை அடைக்குமே, அந்த இடம். கதவைப் பழுது பார்த்தாலும் இந்தப் பழக்கம் தானாகப் போகாது. அதனால் "கா" என்பதைக் குரலே இல்லாமல், கிசுகிசுப்பாக, மூச்சு ஓட ஓடச் சொல்லப் பழகினேன். மூச்சு ஓடிக்கொண்டிருந்தால் குரல்வளையால் வெட்ட முடியாது. தனி எழுத்து, அப்புறம் சொல், அப்புறம் வாக்கியம். "காக்கா கத்துது" என்று சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரும் கத்தும் நிலைக்கு வந்தார்கள். ஏழெட்டு மாதம் ஆனது. இப்போதும் களைத்துப்போன மாலைகளில் சகரம் லேசாகக் கசியும்.

போன வாரம் சளி பிடித்தது. போனில் அம்மாவைக் கூப்பிட்டேன். "அப்பா" என்று கேட்டதாம்.