டன் கணக்கும் ரிங் கொக்கியும்

தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்புக்கு வந்த புதிதில் முதல் வகுப்புக்கு 62 ஸ்லைடு தயார் செய்தேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து செய்தது. பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் ஒரு அடுக்குமாடி வேலை. மே மாதம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், தகரக் கொட்டகை. நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசைக்காரர்கள் மரியாதைக்காகக் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். பின்னால் ஒருவர் ஹெல்மெட்டைக் கவிழ்த்துத் தலைக்கு வைத்துப் படுத்தே விட்டார். முடிந்ததும் எல்லோரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, தாளை ஆடிட் கோப்பில் சேர்த்தேன். மேலிடத்தில் பாராட்டு வந்தது.

மறுவாரம் ரவுண்ட்ஸ் போனால், மூன்றாவது தளத்துத் தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங்குகளின் நுனியில் மடக்கும் கொக்கிகள் எல்லாம் பழையபடி 90 டிகிரியில் நின்றன. கொக்கிக்கு மட்டுமே 9 ஸ்லைடு போட்டிருந்தேன். 2001 ஜனவரி 26 புஜ் பூகம்பத்துப் படங்கள், 2002-ல் பூகம்பத்துக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 1893 திருத்தப்பட்டபோது சென்னை பூகம்ப அபாயத்தில் மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது, ஐஎஸ் 13920 கொக்கியை ஏன் 135 டிகிரி மடக்கச் சொல்கிறது, எல்லாம் இருந்தது. கட்டடம் ஆடும்போது தூணின் மேல்தோல் உதிரும். 90 டிகிரி கொக்கிக்கு அந்தத் தோல்தான் பிடிமானம், அது போனால் ரிங் வாயைப் பிளக்கும். 135 டிகிரி மடக்கினால் நுனி உள்ளே நடுக் காங்கிரீட்டில் புதைந்திருக்கும், விடாது. இதைத்தான் படம் போட்டுச் சொன்னேன்.

கம்பி மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டேன். விழுப்புரம் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாக இந்த வேலை. கோபமே இல்லாமல் சொன்னார்: "எங்களுக்குத் தெரியாதா சார்? நீங்க படம் காட்டித்தான் தெரியணுமா? டன்னுக்குத்தானே காசு குடுக்கறீங்க. ரிங்கு எடை நிக்காது சார்."

அன்று சாயங்காலம் கம்பி யார்டில் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 25 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம், ஒன்று 46 கிலோ. 22 கம்பி வெட்டித் தூக்கிக் கொடுத்தால் ஒரு டன் ஆயிற்று. 8 மி.மீ. ரிங்கோ மீட்டருக்கு 395 கிராம்தான். எங்கள் 300-க்கு 600 தூணுக்கு ஒரு ரிங் 600 கிராம் வரும். ஒரு டன் தேறுவதற்கு 1,600 ரிங்குக்கு மேல் வேண்டும். ஒரு ரிங்குக்கு மூலைக்கு மூன்று, கொக்கிக்கு இரண்டு என்று ஐந்து மடக்கு. ஆக மொத்தம் எட்டாயிரம் மடக்கு. இரண்டுக்கும் ஒரே ரேட். அதோடு 135 டிகிரி என்றால் கையை இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும். மேலே கூண்டில் மாட்டும்போதும் 90 டிகிரி ரிங்கைப் பக்கவாட்டில் விரித்து நுழைத்துவிடலாம். 135-ஐத் தலைக்கு மேலிருந்து ஒவ்வொன்றாகக் கோத்து இறக்க வேண்டும், தூண் கம்பியோ ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது.

மூன்று ராத்திரி கண்விழித்து நான் பாடம் எடுத்தது, கூலியில் அடிபடுகிற ஒரு மனிதருக்குப் பூகம்பத்தைப் பற்றி.

ரிங்குக்குத் தனி ரேட் வேண்டும் என்று ஒப்பந்தப் பிரிவுக்கு எழுதினேன். "உங்களை டிரெயினிங் குடுக்கச் சொன்னா ரேட் கேக்கறீங்களே" என்று சிரித்தார்கள். இரண்டு மாதம் இழுத்து, கடைசியில் எண்ணிக்கைக் கணக்கில் ஒரு தொகை ஒத்துக்கொண்டார்கள். அதற்கு அப்புறம்தான் கொக்கிக்கு இரண்டாவது வகுப்பு எடுத்தேன். ஸ்லைடு கிடையாது. யார்டிலேயே நாலு கம்பியில் இரண்டு சின்னக் கூண்டு. ஒன்றில் 90 டிகிரி ரிங், இன்னொன்றில் 135. உள்ளே கடப்பாரையை விட்டு நெம்பச் சொன்னோம். 90 டிகிரி ரிங் இரண்டாவது நெம்பலிலேயே வாயைத் திறந்தது. மற்றது கோணிக்கொண்டது, கொக்கி மட்டும் கம்பியை விடவில்லை. இளைஞர்கள் ஆளுக்கொரு தரம் நெம்பிப் பார்த்தார்கள். சொல்லிக் கொடுத்தது மேஸ்திரிதான். நான் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அன்றிலிருந்து எந்தக் குறைக்கும் வகுப்பு போடச் சொன்னால் முதலில் அந்த இடத்தில் அரை நாள் சும்மா நின்று பார்க்கிறேன். தெரியாமல் செய்கிறார்களா, தெரிந்தும் வழியில்லாமல் செய்கிறார்களா? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கிறது.

கவர் பிளாக் விஷயமும் அதே கதைதான். கம்பியை மூடி நிற்கவேண்டிய காங்கிரீட் கனம்தான் கவர், அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கிற கட்டை பிளாக். கடற்காற்று நேரே படுகிற காங்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 கேட்கிற கவர் 45 மி.மீ. அது குறைந்தால் உப்பு சீக்கிரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து, துரு உப்பி, காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சென்னையில் கடலோரப் பழைய கட்டடங்களின் பால்கனியை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பி கட்டுகிறவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வேலை தொடங்குவது காலை ஆறரைக்கு. ஸ்டோர் திறப்பது ஒன்பது மணிக்கு. திறந்தாலும் 25 இருக்கும், 40 இருக்கும், கேட்ட அளவு இருக்காது. கையில் கிடைத்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் சொருகிவிட்டுப் போவார்கள். இதற்கு யாருக்கு வகுப்பு எடுப்பது? ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவருக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு அதுதான் முதல் முறையாம். முதல் நாள் சாயங்காலமே பிளாக்குகளை எண்ணிச் சாக்கில் கட்டி, எந்தத் தளம் என்று எழுதி வெளியே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். தீர்வு அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது தூணின் அடிப்பகுதி. காங்கிரீட் ஊற்றுவதற்குப் பலகையால் அடித்த தூண் பெட்டியைக் கழற்றினால் கீழே ஒரு சாணுக்கு ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஹனிகோம்ப் என்போம், தேன்கூடு. காங்கிரீட் குழுவைக் கேட்டால் "பெட்டி சரியில்ல, பால் எல்லாம் கீழ வழியா ஒழுகிடுச்சு" என்பார்கள். பெட்டி அடிக்கிற சென்டரிங் தச்சரைக் கேட்டால் "வைப்ரேட்டரே போடல சார்" என்பார். இரண்டும் உண்மை. (வைப்ரேட்டர் என்றால் கலவையை அதிரவைத்து இறுக்குகிற கருவி.) போதாக்குறைக்கு மூன்று மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுவார்கள். 1.5 மீட்டருக்கு மேல் விழக்கூடாது என்பது பொதுவான வரம்பு. மேலிருந்து விழுகிற கலவை ரிங்குகளில் அடிபட்டுச் சிதறி, ஜல்லி முதலில் போய் அடியில் உட்காரும், சாந்து பின்னால் வரும். அந்தச் சாந்தின் பாலும் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒழுகிப் போனால் மிஞ்சுவது கல்தான்.

வருஷக்கணக்காகத் தச்சருக்கு ஒரு வகுப்பு, காங்கிரீட் குழுவுக்கு ஒரு வகுப்பு, கம்பிக்காரர்களுக்கு ஒரு வகுப்பு என்று தொழில்வாரியாக நடத்தியிருக்கிறோம். குறையோ ஒரு குழு விட்டுப்போய் இன்னொரு குழு கைவைக்கிற இடத்தில் பிறக்கிறது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. காங்கிரீட் ஊற்றுகிறவர்கள் தாங்கள் ஊற்றிய தூணைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஊற்றி முடித்துவிட்டுப் போவார்கள். மறுநாள் பெட்டி கழற்றும்போது அவர்கள் வேறு பிளாக்கில் இருப்பார்கள். எங்கள் இன்ஜினியர் வருவதற்குள் பூச்சு ஆள் ஒருவர் வந்து கலவையைக் குழைத்து ஓட்டையை அடைத்து, நைசாகத் தேய்த்தும் விட்டிருப்பார். ஒரு சமையல்காரர் ஆயுசு முழுக்கச் சமைத்தும் தன் சாம்பாரை ஒரு தடவைகூட வாயில் விட்டுப் பார்க்காத மாதிரி.

அதனால் ஒரு விதி போட்டோம். ஊற்றியவர்களும் பெட்டி அடித்தவர்களும் நின்று பார்க்காமல் எந்தத் தூணையும் திறக்கக்கூடாது. முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு ஒன்பது பேர் கூடினோம். பெட்டியின் கடைசிப் பலகை விலகியதும் யாரும் பேசவில்லை. அடியில் நல்ல ஓட்டை, கம்பி தெரிகிறது. வைப்ரேட்டர் பிடித்த பையன் ஒடிசாவிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. குனிந்து அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம், எனக்குத் தெரிந்த இந்தி அதைவிடக் கொஞ்சம். வைப்ரேட்டர் ஊசியை, அதாவது குழாய் நுனியில் அதிர்கிற இரும்புத் தண்டை, எடுத்து வரச் செய்து அதே தூணின் பக்கத்தில் நிறுத்திக் காட்டினோம். ஊசி பாதி உயரத்துக்குத்தான் எட்டியது. மேலே பலகையில் நின்று அவன் இத்தனை நாளும் தூணின் மேல்பாதியை மட்டும் அதிரவைத்துக்கொண்டிருந்திருக்கிறான். குழாய் நீளம் போதவில்லை என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை, அவனாகக் கேட்கவும் மொழி இல்லை.

நீளமான குழாய் வந்தது. தச்சர் தானாகவே முன்வந்து பெட்டியின் நடுவில் ஒரு ஜன்னல் வைத்தார், பாதி உயரம் வரை அதன் வழியாக ஊற்றிவிட்டு அடைத்துக்கொள்ளலாம். அடி இடுக்கை சிமெண்ட் மூட்டைக் காகிதத்தால் அடைப்பதை நிறுத்தி, முதல் நாளே கலவை வைத்து அடைக்க ஆரம்பித்தார்கள். காலை ஒன்பது மணி திறப்பு ஒரு பந்தயம் மாதிரி ஆகிவிட்டது. நல்ல தூண் திறந்தால் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள்.

இந்த இடத்தில் நான் ஒரு அசட்டு வேலையும் செய்தேன். மாதத்தின் சிறந்த குழு என்று பரிசு அறிவித்தேன், ஒரு பிரஷர் குக்கர். குழுவில் பதினோரு பேர், குக்கர் ஒன்று. அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

கற்றுக்கொண்டவர்கள் தங்குவதில்லை என்பதுதான் பெரிய தலைவலி. பொங்கலுக்கு நம் ஊர் ஆட்கள், ஹோலிக்கும் சத் பூஜைக்கும் வடக்கத்தி ஆட்கள். போனவர்களில் பாதிப் பேர் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். மூன்று நாள் பாடத்திட்டம் போட்டு வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? பத்து நிமிஷம், ஒரே ஒரு விஷயம், அன்று அவர்கள் செய்யப்போகிற வேலையைப் பற்றி மட்டும். அதற்கு மேல் கொடுப்பதை மேஸ்திரிகளுக்குக் கொடுக்கிறோம், அவர்கள் நிற்கிறார்கள். அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற பிரிவும் உண்டு. எங்கள் சைட்டில் சிலர் அதை லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து நாங்கள் யாருக்கும் கூலியில் ஒரு ரூபாய் கூட்டியதில்லை. பிறகு ஏன் அடுத்த தம்பி அதற்கு ஒரு நாள் கூலியை விடப்போகிறான்?

தண்ணீர் விடுகிற அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கியூரிங், அதாவது ஊற்றிய காங்கிரீட்டை ஈரம் காயாமல் நனைத்து வைப்பது, எங்கள் சைட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சித்தாளின் பொறுப்பு. கலப்பு சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயக்கூடாது, வறண்ட வெயிலில் 14 நாள் என்று ஐஎஸ் 456 சொல்வதை அவருக்கு விளக்கப் போனேன். கேட்டுவிட்டு என்னை மேற்குப் பக்கத்துச் சுவருக்கு அழைத்துப்போனார். "சாயங்கால வெயிலு முழுக்க இதுலதான் சார் அடிக்குது. மத்ததுக்கு ரெண்டு வாட்டின்னா இதுக்கு நாலு வாட்டி ஊத்தணும். மோட்டாரை எட்டு மணிக்கு மேலதான் போடறாங்க, நாலாவது மாடிக்குத் தண்ணி ஏறி வர்றதுக்குள்ள காஞ்சி போவுது. ஞாயித்துக்கிழமை யாரு ஊத்தறாங்கன்னு போய்ப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். யாரும் ஊற்றவில்லை. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு எல்லோரும் போயிருந்தார்கள், தூண்களைச் சுற்றியிருந்த சாக்குகள் எலும்பாகக் காய்ந்து கிடந்தன. ஞாயிறு ஒரு ஆளுக்குத் தனிக் கூலி, மோட்டார் ஆறு மணிக்கு, ஒவ்வொரு தூணிலும் ஊற்றிய தேதி பெயிண்டில். மூன்றும் அவர் சொன்னவைதான். தேதி எழுதச் சொன்ன காரணம் வேறு: எந்தத் தூணுக்கு நாள் முடிந்தது என்று தெரியாமல் முடிந்ததற்கும் சேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தாராம். இப்போது புது சைட்டுகளில் கியூரிங் வகுப்பை அவரே நடத்துகிறார். அன்றைக்கு மட்டும் அவருக்கு மேஸ்திரி கூலி.

இளம் இன்ஜினியர்களுக்கு ஒரே ஒரு பயிற்சிதான் வைத்திருக்கிறேன். சேர்ந்த முதல் வாரம் அரை மணி நேரம் வைப்ரேட்டரைப் பிடித்துத் தளம் ஊற்ற வேண்டும். மறுநாள் பேனா பிடித்துச் செக்லிஸ்டில் கையெழுத்துப் போடக் கை நடுங்கும். ஊசியைச் செங்குத்தாக விட்டு மெதுவாக உருவு, அதை மண்வெட்டி மாதிரி வைத்துக் கலவையைத் தள்ளாதே என்று யாரையாவது அதட்டுமுன் அந்த நடுக்கம் ஞாபகத்துக்கு வந்தால் போதும்.

வருகைத்தாள் இப்போதும் உண்டு, ஆடிட்டுக்கு வேண்டுமே. அதற்குப் பக்கத்தில் வேறு ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: தளவாரியாக எத்தனை தூண் ஒட்டுப்போட வேண்டியிருந்தது என்று. எண்ணிக்கை இறங்குகிறது, நடுவில் புது ஆட்கள் வரும்போது ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. போன மாதம் ஏறியதற்குக் காரணம் ஆட்கள் இல்லை. நீளமான வைப்ரேட்டர் குழாய் கிழிந்துபோய், மாற்றுக் குழாய்க்கு எழுதிக் கொடுத்து 19 நாள் ஆகியும் வரவில்லை.

வருகிற வியாழக்கிழமை கொள்முதல் பிரிவுக்கு வகுப்பு வைத்திருக்கிறேன். ஸ்லைடு கிடையாது. காலை ஒன்பது மணிக்கு நாலாவது தளத்தில் ஒரு தூணைத் திறக்கிறோம், வந்து நின்று பார்த்தால் போதும் என்று எழுதியிருந்தேன். மேலாளருக்கு அன்று வேறு மீட்டிங் இருக்கிறதாம். உதவியாளரை அனுப்புகிறாராம்.