வஸில்கா: மின்ஸ்க் நாட்குறிப்பு

அக்டோபர் 5

பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க். இங்கே மெட்ரோவில் 'கதவு மூடுகிறது, கவனம்' என்று சொல்லும் குரல் பெலாரஷ்ய மொழியில் பேசுகிறது. படியேறி வெளியே வந்து ரொட்டி வாங்கப் போனால் எல்லாமே ரஷ்யன். ஒரு நிலையத்துக்கு யாகுப் கோலாஸ் பெயர், இன்னொன்றுக்கு யான்கா குபாலா பெயர். இருவரும் 1882இல் பிறந்த கவிஞர்கள். அவர்கள் எழுதிய மொழி மட்டும் தெருவில் காதில் விழவே இல்லை. மனசு கேட்கவில்லை.

அக்டோபர் 11

இந்நாட்டுப் போலத்ஸ்க்கில் பிறந்த அச்சாளர் ஸ்காரினா 1517இலேயே பிராக் நகரில் பைபிளின் சங்கீதப் புத்தகத்தை அச்சிட்டுவிட்டார். 1696இல், அப்போது இந்த மண்ணை ஆண்ட லித்துவேனியப் பெருங்கோமகவின் அரசு ஆவணங்கள் போலிஷுக்கு மாறின. பிறகு ரஷ்யப் பேரரசு வந்தது. குடியானவர் பேச்சு என்று மொழியை ஒதுக்கிவிட்டார்கள். 1891இல் கவிஞர் பாகுஷேவிச் தன் கவிதைகளை எல்லை தாண்டி, கிராக்கோவில், புனைபெயரில்தான் வெளியிட முடிந்தது. நம் மொழியை விட்டுவிடாதீர்கள், விட்டால் செத்துப்போவோம் என்று முன்னுரையில் மன்றாடுகிறார். 1906இல் வில்னியுஸில் 'நாஷா நீவா' வாரப் பத்திரிகை வந்த பிறகே எழுதுகிறவர்களுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடைத்தது.

அக்டோபர் 18

கவிஞர் மாக்சிம் பாக்தனோவிச்சை விட்டு நகர முடியவில்லை. நாலு வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். வளர்ந்ததெல்லாம் ரஷ்ய ஊர்களில். தன் மொழியைப் பெரும்பாலும் புத்தகத்திலிருந்தே கற்று, அதில் சானெட் (பதினான்கு வரிக் கவிதை) எழுதினார். உயிரோடிருந்தபோது வந்தது ஒரே தொகுப்பு, 'வியனோக்'. 1917இல் யால்டாவில் அவரையும் காசநோய் கொண்டுபோனது. வயது 25.

அக்டோபர் 20

வீட்டுக்காரப் பாட்டி என்னிடம் ரஷ்யனில்தான் பேசுவார். இன்று கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவரிடம் பாக்தனோவிச் பெயரைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, 'ஸ்லுத்ஸ்க் நெசவுக்காரிகள்' கவிதையை மனப்பாடமாகச் சொன்னார். பெண்களைப் பிரபுவின் மாளிகைக்குக் கொண்டுபோய்ப் பாரசீகக் கோலத்தில் பொன்னிழைக் கச்சை நெய்ய வைக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ரை தானிய வயல். நினைப்பு அங்கே போய்விடுகிறது. தன்னை மறந்த கை, பாரசீகப் பூவுக்குப் பதிலாக அந்த வயலில் பூக்கும் நீலப் பூவை நெய்துவிடுகிறது. கடைசிச் சொல் அந்தப் பூவின் பெயர், 'வஸில்கா'. அதைச் சொல்லும்போது பாட்டியின் ஈரக் கை மேசையில் இழை இழுப்பதுபோல் அசைந்தது.

அக்டோபர் 29

1937இல் இதே நாள் இரவு, இதே ஊரில், ஸ்டாலினின் ரகசியப் போலீஸார் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் எழுத்தாளர்கள் ஏராளம்: அலேஸ் தூதார், வலேரி மரக்கோவ், யூதர்களின் இத்திஷ் மொழியில் எழுதிய மொய்ஷே குல்பாக். பறித்த கையெழுத்துப் பிரதிகளை அதற்கு முன்பே எரித்தாயிற்று.

தூதார் கவிதை ஏதாவது தெரியுமா என்று பாட்டியிடம் கேட்டேன். பள்ளியில் அந்தப் பெயரையே யாரும் சொன்னதில்லை என்றார். கொஞ்சநேரம் கழித்து, "கிடைத்தால் எனக்கும் கொண்டுவா, பெரிய எழுத்தாக இருக்கட்டும்" என்றார்.

நாளை நூலகத்துக்குப் போகிறேன்.