பூட்டிய வீடும் ஏழைப் பட்டியலும்

வறுமை ஒழிப்பு வேலையில் பணத்தைப் பங்கிடுவதைவிடப் பெரிய தகராறு, யார் ஏழை என்று முடிவு செய்வதில்தான் வரும். விழுப்புரம் மாவட்டத்தில் புது வாழ்வுத் திட்டத்தின் களப்பணியாளராக இருந்தபோது தினமும் அதைப் பார்த்தேன். உலக வங்கிக் கடனுதவியோடு தமிழக அரசு 2005-இல் தொடங்கிய திட்டம் அது.

எங்களுக்கு முன்பே ஊரில் ஒரு பட்டியல் இருந்தது. 2002-ஆம் ஆண்டின் வறுமைக்கோட்டுக் கணக்கெடுப்பு. 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. நிலம் எவ்வளவு, வீடு எப்படி, ஆளுக்கு எத்தனை துணிமணி, வீட்டில் என்னென்ன சாமான். கலர் டிவி இருந்தால் சாமான் கேள்விக்கு முழு மதிப்பெண், அதாவது வசதியானவர். 2006-க்குப் பிறகு அரசே கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. அதே கேள்வித்தாளை மறுபடி கொண்டுபோயிருந்தால், அந்தக் கேள்வியில் மட்டும் குடிசைக்காரர்களும் பணக்காரர்கள் ஆகியிருப்பார்கள்! இதில் இன்னொரு கூத்து: மாநிலத்துக்கு இத்தனை ஏழைகள்தான் இருக்கலாம் என்று திட்டக் குழு வரம்பு வைத்திருந்தது. எண்ணிக்கையை முதலில் சொல்லிவிட்டார்கள், ஆட்களைப் பிறகு தேடினார்கள்.

புது வாழ்வில் ஊர்க்காரர்களே உட்கார்ந்து முடிவு செய்வார்கள். மக்கள் நிலை ஆய்வு என்று பெயர். பள்ளிக்கூட வாசலிலோ கோயில் திடலிலோ கோலப்பொடியால் ஊர்ப் படம் போடுவார்கள். தெரு, கிணறு, ஏரி, வீடு வீடாக எல்லாம் வரும். பிறகு மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று பிரித்து, கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். பெண்கள் சொல்லும் கணக்கு எந்தக் கேள்வித்தாளிலும் இல்லாதது. "அவ வூட்ல மாடு கீது சார், ஆனா பால் காசு பூரா வட்டிக்குப் போவுது" என்பார்கள். மாட்டை மட்டும் எழுதிக்கொண்டு போகிற அதிகாரிக்கு அந்த வட்டி தெரியாது.

ஆனால் இந்த முறையிலும் ஓட்டை உண்டு. கூட்டத்துக்கு வந்தவர்கள் போடுகிற படத்தில், வராதவர்களின் வீடு ஓரத்துக்குப் போய்விடும். சில ஊர்களில் வரவே வராது. ஏரிக்கரை இருளர் குடிசைகள் அப்படித்தான் விடுபட்டன. முன்பணம் வாங்கிக்கொண்டு தை பிறந்ததும் பிள்ளைகுட்டிகளோடு செங்கல் சூளைக்குப் போனால், மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்புவார்கள். "பூட்டிக் கெடக்குது, எழுதி என்னா பண்றது?" என்பார்கள் ஊரில். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை, சில ஊர்களைத் தவிர. அப்புறம் அங்கெல்லாம் ஆடி, ஆவணியில் மறுபடி உட்கார்ந்தோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் பெயர்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டோம். சேர்ந்தவர்களும் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் கேட்டார்: "கூட்டத்துக்கு வந்தா இன்னிக்கிக் கூலி யாரு தம்பி குடுப்பா?"

மகளிர் குழுக்களிலும் இதே கதைதான். வாராவாரம் சேமிப்புக் கட்ட முடியாதவளைக் குழு சேர்க்காது. அவள் தவணை தவறினால் மற்றவர்கள்தானே சுமக்க வேண்டும். அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு.

இதையெல்லாம் பார்த்தபின், பட்டியலே கேட்காத திட்டங்கள்மேல் எனக்கு நம்பிக்கை கூடியது. 1997-இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையை விடவில்லை. 2011-இல் இருந்து அரிசிக்குக் காசும் இல்லை. வசதியானவனுக்கும் அரிசி போகிறதே, வீண் செலவு என்று அலுவலகத்தில் ஒருவராவது சொல்வார். போகட்டுமே. ஏழை என்று நிரூபிக்கச் சொன்னால் முதலில் தோற்கிறவர் யார் என்று ஏரிக்கரையில் பார்த்திருக்கிறேன்.

அந்த ரேஷனுக்கும் குடும்ப அட்டை வேண்டும், அட்டைக்கு முகவரி வேண்டும். ஏரிப் புறம்போக்கில் இருப்பவரிடம் பட்டா கிடையாது, வீட்டு வரி ரசீது கிடையாது. எங்கள் நேரத்தில் பெரும்பகுதி வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு மனு எழுதுவதிலும், அது எந்த மேசையில் இருக்கிறது என்று தேடுவதிலும் போனது. மாதாந்திர முன்னேற்ற அறிக்கையில் அந்த வேலையை எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. 'இதர பணிகள்' என்று போட்டுக்கொள்வோம்.