ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை நெல்லு? ப்ளஸ் ஒன் பசங்களுக்குக் கொஞ்சம் சராசரி, கொஞ்சம் பொருளியல்

சராசரின்னா என்னடான்னு எங்க பக்கத்துப் பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க, “எல்லாத்தையும் கூட்டி எண்ணிக்கையால வகுக்கணும் சார்”னு டக்குனு சொல்லிடுவாங்க. சரி, வந்த விடை யாரோட விடைன்னு கேட்டா முழிப்பாங்க. புக்குல இருக்குற கணக்கெல்லாம் பத்து மாணவர்கள் எடுத்த மார்க்கு, இல்லன்னா அவங்க உயரம், அதுல எவனுக்கும் எதுவும் நஷ்டமாகப் போறதில்ல, அதனால அந்தக் கேள்வியே வராது.

காவிரி டெல்டாவுல சராசரியால காசு வரும், வராமலும் போகும். 2016ல ஆரம்பிச்ச பிரதமர் பயிர் இன்சூரன்ஸ் திட்டத்துல நெல் விளைச்சல் குறைஞ்சதுக்கான நஷ்டஈடு உங்கப்பா வயல மட்டும் பாத்துக் குடுக்குறதில்ல, ஊரயே ஒரு யூனிட்டா எடுத்துக்கிட்டு அதுல சில வயல்கள்ல சோதனை அறுவடை பண்ணி வர்ற சராசரிய வச்சுத்தான் குடுப்பாங்க. அதுக்கு முன்னாடி ஒரு எல்லை வேணும்ல, இதுக்குக் கீழ போனாத்தான் நஷ்டம்னு? கடைசி 7 வருஷ விளைச்சல்ல நல்லா இருந்த 5 வருஷத்த எடுத்து சராசரி போட்டு, அதுல 70, 80, 90ன்னு அந்தப் பகுதிக்கு வச்சிருக்குற சதவீதத்தக் கணக்கு பண்ணுவாங்க. மோசமான ரெண்டு வருஷத்த ஏன் விடணும்? மேட்டூர்ல தண்ணி இல்லாத வருஷத்தையும் சேத்தா எல்லை கீழ எறங்கிடும், அப்புறம் எந்த வருஷமும் நஷ்ட வருஷமாவே தெரியாது. மத்ததுலருந்து ரொம்பத் தள்ளி நிக்கிற எண்ண கோடி மதிப்புன்னு புக்குல ஒரு வரில சொல்லிட்டுப் போயிடுவாங்களே, அதோட வேலை இதுதான்.

ஒரு ஊர்ல 7 வருஷக் கண்டுமுதல், அதாவது அறுத்துக் கைக்கு வந்த நெல்லு, மாவுக்கு (ஒரு மாங்கறது 33 சென்ட் நிலம்) 10, 9, 4, 10, 11, 2, 10 மூட்டைன்னு வச்சுக்கோங்க (நான் போட்ட கணக்குதான், எந்த ஊரும் இல்ல). 4ம் 2ம் போனா மிச்சம் அஞ்சோட சராசரி 10, அதுல 80 சதவீதம்னா எல்லை 8. இந்த வருஷம் நாலு வயல்ல அறுத்துப் பாக்குறாங்க, 10, 9, 11 வருது, வடிகால் ஓரத்துப் பள்ள வயல்ல தண்ணி நின்னு பயிர் அழுகி வெறும் 2 வருது. கூட்டுனா 32, வகுத்தா 8. எல்லையும் 8. நஷ்டம் பூஜ்யம்! பள்ள வயல்காரருக்கு ஒரு பைசா கிடையாது, அவரு டீக்கடையில உக்காந்து இன்சூரன்ஸ திட்டுறாரு, கணக்கு மட்டும் சரியாத்தான் இருக்கு. இதே நாலு நம்பருக்கு இடைநிலை, அதாவது வரிசைப்படுத்துனா நடுவுல வர்ற மதிப்பு, போடுங்க, 9.5 வரும், அது அவர இன்னும் சுத்தமா மறைச்சிடும். அப்படி ஒரு 2 உள்ள ஒளிஞ்சிருக்குன்னு காட்டுறது வீச்சும் (பெருசுக்கும் சின்னதுக்கும் உள்ள வித்தியாசம்) திட்டவிலக்கமும் (சராசரியச் சுத்தி எண்கள் எவ்வளவு சிதறியிருக்குங்கற அளவு)தான், பாவம் அதத்தான் பசங்க ஃபார்முலாவா மட்டும் மனப்பாடம் பண்றாங்க.

அந்த சோதனை அறுவடையே தனி சுவாரசியம். ரோட்டோரமா நல்லா நிக்கிற வயலப் பாத்துப் புடிக்கக் கூடாது, ரேண்டம் நம்பர் வச்சுத்தான் வயலும் எடமும் தேர்வாகணும். நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுப்பாங்க, அதாவது 25 சதுர மீட்டர். ஒரு மாவுல இந்த மாதிரி 53 கட்டம் அடங்கும், அப்ப கட்டத்துல ஒரு கிலோ எடை தப்பாப் போனா மாவுக்கு 53 கிலோ தப்பாகும், கிட்டத்தட்ட ஒரு மூட்டை! கயிறு மேலயே நிக்கிற பயிரு உள்ளயா வெளியயாங்கறதும் சின்ன விஷயம் இல்ல. கட்டம் சின்னதா இருந்தா ஓரத்துப் பயிரு உள்ள சேந்து விளைச்சல் கூடுதலாத் தெரியும்னு, 1940கள்ல புள்ளியியல் அறிஞர்கள் மஹலனோபிஸ் ஒரு பக்கம் சுகாத்மே ஒரு பக்கமா பெரிய விவாதமே நடந்துச்சு. மஹலனோபிஸ் பொறந்த ஜூன் 29தான் இப்ப நம்ம நாட்டுல புள்ளியியல் தினம்.

பொருளியல் பக்கம் வந்தா, குறைந்தபட்ச விலைன்னு ஒரு படம் வரும், சமநிலை விலைக்கு மேல ஒரு கோடு போட்டு நடுவுல உபரின்னு எழுதியிருக்கும். படம் புரியலன்னா அறுப்பு சீசன்ல ஒரு டிபிசிக்கு (அரசு நெல்லு வாங்குற நேரடிக் கொள்முதல் நிலையம்) போய் நில்லுங்க, ரோட்டோரத்துல கொட்டி தார்பாய் போத்திக் கிடக்குதே நெல்லு, அதான் உபரி. 2025-26க்கு மத்திய அரசு விலை சாதா ரகம் குவிண்டாலுக்கு 2369 ரூபாய், சன்ன ரகம் 2389, மாநில ஊக்கத்தொகையும் சேத்து 2500, 2545ன்னு இருந்துச்சு. ஆனா விலை இருக்குன்னா போதாது, அந்த விலைக்கு யாராவது வாங்கணும். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினா திருப்பி அனுப்புவாங்க, ராத்திரி மழை வந்தா அவ்வளவுதான், வீட்ல பணம் தேவைப்படுறவரு பாதி வழியிலயே வியாபாரிகிட்ட கம்மி விலைக்குத் தள்ளிட்டுப் போயிடுவாரு. பேப்பர்ல இருக்குற விலை வேற, கைக்கு வர்ற விலை வேற. அரிசி விலை எறங்குச்சுன்னு யாரும் ரெண்டு வேளை கூடுதலா சாப்பிடப் போறதும் இல்ல, அதத்தான் நெகிழ்ச்சியற்ற தேவைன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க.

வாய்ப்புச் செலவு, அதாவது ஒண்ணத் தேர்ந்தெடுத்தா கைவிட்டுப் போற இன்னொண்ணோட வருமானம்? சம்பா அறுத்த வயல்ல உளுந்து தெளிக்கிறதா பருத்தி போடுறதான்னு வீட்ல சண்டை நடக்கும்ல, அதக் காது குடுத்துக் கேளுங்க, போதும்.

ப்ராஜெக்ட் எதாவது பண்ணணும்னா இந்த தையில உங்க தெருவுல இருவது வீட்டுக் கண்டுமுதல எழுதி சராசரி, இடைநிலை, முகடு (அதிக தடவ வர்ற எண்), வீச்சு எல்லாம் போட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுறேன், குத்தகைக்குப் பண்றவரு கொறச்சுத்தான் சொல்லுவாரு, நிலத்துக்காரர் காதுல விழுந்துடும்ல, டீக்கடையில பத்து பேர் முன்னாடி கேட்டா அதே ஆளு ரெண்டு மூட்டை கூட்டிச் சொன்னாலும் சொல்லுவாரு. அதனால எங்க வச்சுக் கேட்டீங்க, அப்ப பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு நோட்டுல தனியா எழுதி வச்சுக்கோங்க, முடிஞ்சா அறுப்பு மெஷின் ஓட்டுற அண்ணன்கிட்டயும் ஒரு தடவ விசாரிங்க.